பறையை மாட்ட ஒரு சுவர் வேண்டும்

மழைக்காலம் வந்தால் பறை ஊமையாகிவிடும். தோல் ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு எத்தனை முறை தீயில் காட்டினாலும் பத்து நிமிடத்தில் மறுபடி தொய்ந்துவிடும். பறையடிக்கிற எவருக்கும் தெரிந்த விஷயம்தான். புளியந்தோப்பில் நாங்கள் சேர்ந்து இயங்கும் குழுவில் பதினான்கு பறைகள் இருக்கின்றன. அவற்றை வைக்க ஒரு இடம் கிடையாது. சில பறைகள் ஹவுசிங் போர்டு வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன, சில மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். போன ஐப்பசியில் மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்த இரண்டு பறைகளின் தோலை எலி கடித்துவிட்டது. புதுத்தோல் வாங்கிக் கட்டுவதற்குள் பிள்ளைகளுக்கு ஒரு மாதப் பயிற்சி போயிற்று.

சரி, ஒரு இடம் கேட்டுப் பார்ப்போம் என்று ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனோம். எங்கள் பகுதியில் ஒரு சமுதாயக் கூடம் வாரத்தில் நான்கைந்து நாள் பூட்டியே கிடக்கிறது. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை, வாரத்துக்கு மூன்று நாள் கொடுத்தால் போதும். கேட்டது அவ்வளவுதான்.

"கல்யாணத்துக்குக் குடுப்போம், வளைகாப்புக்குக் குடுப்போம். பறை அடிச்சுப் பழகறதுக்குன்னா எப்படி? அக்கம்பக்கத்துல இருக்கறவங்க சும்மா இருப்பாங்களா?" என்றார் அந்த அதிகாரி. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

எங்களோடு வந்த பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "கல்யாணத்துல கட்டுற ஸ்பீக்கரவிட எங்க பறை சத்தம் கம்மிதான் சார்" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மனுவ வெச்சிட்டுப் போம்மா, பாக்கலாம்" என்றார். மனு அங்கேதான் இருக்கிறது.

இதை ஒரு அதிகாரியின் மேல் குறையாகச் சொல்லவில்லை. அவர் கையில் இருக்கும் விதிப்புத்தகத்தில் சமுதாயக் கூடம் என்றால் விசேஷம் நடக்கும் இடம். சேரிக்குக் கலை உண்டு என்று அரசுக்குத் தெரியும். அந்தக் கலைக்கு ஒரு கட்டடம் வேண்டியிருக்கும் என்பது மட்டும் எந்த விதியிலும் எழுதப்படவில்லை. நம் பேச்சு அதைப் பற்றித்தான்.

2007-இல் சென்னை சங்கமம் தொடங்கியபோது நாமும் மகிழ்ந்தோம். பூங்காவிலும் கடற்கரையிலும் பறையும் கரகமும் ஒலித்ததைப் பார்த்துக் கண் கலங்கிய பெரியவர்களை நமக்குத் தெரியும். நடுவில் நின்றுபோய் 2023 பொங்கலுக்கு அது திரும்பவும் வந்தது, வரவேற்றோம். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. மதுரை வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். எதையும் நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால், கிடைப்பதெல்லாம் ஒரு நாள் மேடைக்கான காசு, அல்லது ஒரு தனி மனிதருக்கான காசு. விழா முடிந்ததும் பந்தலைப் பிரிப்பார்கள்.  ஒரு குழு பத்து வருடம், இருபது வருடம் நிலைத்து நின்று அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்க எது தேவையோ அது இந்தக் கணக்கில் வரவே வராது. நிதிநிலை அறிக்கையில் வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு என்று இரண்டு உண்டு. சேரியின் கலைக்கு நாலு காசு வந்தாலும் அது முதல் பத்தியில்தான் வரும். செலவழிந்தால் தீர்ந்தது. சொத்தாக எதுவும் மிஞ்சாது.

மூலதன நிதி கொடுக்கும் திட்டமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. மத்தியக் கலாச்சார அமைச்சகம் கலை அமைப்புகளுக்குக் கட்டட மானியம் தருகிறது. சிறிய அரங்கு கட்டலாம், பயிற்சிக் கூடம் கட்டலாம், இருக்கிற கட்டடத்தைச் செப்பனிடலாம். பெருநகரம் என்றால் 50 லட்சம் ரூபாய் வரை, மற்ற ஊர்களுக்கு 25 லட்சம் வரை. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? விண்ணப்பத்தை நாங்களும் படித்துப் பார்த்தோம். திட்டச் செலவில் 60 விழுக்காடுதான் அமைச்சகம் தரும், மீதி 40 விழுக்காட்டை அமைப்பு போட வேண்டும். நிலம் அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீண்ட காலக் குத்தகைப் பத்திரமாவது இருக்க வேண்டும். அமைப்பு பதிவாகிச் சில ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், தணிக்கை செய்த கணக்கு வேண்டும்.

கணக்குப் போடுவோம். 40 லட்சத்தில் ஒரு சின்னக் கூடம் கட்ட 16 லட்சம் நாம் போட வேண்டும். எங்கள் குழுவின் வருமானம் என்ன? ஒரு நிகழ்ச்சிக்குப் போனால் ஆளுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. அதிலும் பாதி நிகழ்ச்சி இயக்கத் தோழர்களுடையது, அங்கே காசு கேட்க மனம் வராது. சாவுக்கு அடிப்பதில்லை என்பது எங்கள் குழுவின் முடிவு, அதனால் அந்த வருமானமும் கிடையாது. 16 லட்சம் எங்கிருந்து வரும்? பணத்தையாவது எப்படியோ புரட்டலாம் என்று வைத்துக்கொள்வோம். நிலம்? வடசென்னையின் சேரிகளில் நாம் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் மண் வாரியத்துடையது, மாநகராட்சியுடையது, ரயில்வேயுடையது, துறைமுகத்துடையது. வீட்டுக்கே பத்திரம் இல்லாதவர்களிடம் கலைக்கூடத்துக்குப் பத்திரம் கேட்கிறார்கள். 1892-இல் பஞ்சமி நிலம் என்று ஒதுக்கிய 12 லட்சம் ஏக்கர் யார் யார் கைக்குப் போனது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிற மக்கள் நாம். இந்த விண்ணப்பத்தில் சாதி என்ற கட்டம் எங்கேயும் இல்லை. ஆனால் சொந்த நிலமும் கைக்காசும் கேட்கும்போதே யார் உள்ளே வரலாம், யார் வாசலில் நிற்க வேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது.

'சபாக்கள் எல்லாம் சொந்த உழைப்பில் வளர்ந்தவை, நீங்களும் வளருங்கள்' என்று ஒரு உபதேசம் வரும். வரட்டும். மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. அதன் அரங்குக்கு 1955-இல் அடிக்கல் நாட்டியவர் பிரதமர் நேரு. கட்டடம் திறந்தது 1962-இல். வழக்கறிஞர்களும் தொழிலதிபர்களும் அமைச்சர்களும் பின்னால் நின்ற ஒரு அமைப்புக்கே சொந்த அரங்கு கட்ட 34 ஆண்டுகள் ஆயின. கலாக்ஷேத்ரா 1936-இல் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் இடம் கிடைத்து வளர்ந்தது. பிறகு திருவான்மியூருக்குப் போனது. 1993-இல் நாடாளுமன்றமே அதற்கென்று தனிச் சட்டம் இயற்றி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. இன்று மத்திய அரசின் பணத்தில் நடக்கிறது. யாரும் இதைச் 'சலுகை' என்று சொல்வதில்லை. கலைக்கு அரசு செய்த கடமை என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்கிறோம். அதே கடமை மூலக்கொத்தளத்துக்கும் வியாசர்பாடிக்கும் ஏன் வந்து சேரவில்லை என்பதுதான் கேள்வி.

இன்னொரு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்ட்ரலுக்கு அருகே, ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில், விக்டோரியா பொது அரங்கம். புளியந்தோப்பிலிருந்து நடந்தே போய்விடலாம். 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபை பல்லாண்டு காலம் அந்தக் கட்டடத்தில்தான் இயங்கியது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகங்கள் அங்கேதான் வளர்ந்தன. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் நடிக்க வந்த அமெச்சூர்கள் அவர்கள். நவீனத் தமிழ் நாடகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சம்பந்தனாரின் மேதைமையைப் பற்றி எழுதுவார்கள், எழுத வேண்டியதும்தான். ஆனால் ஒத்திகை பார்க்க அவர்களுக்கு ஒரு கூடம் இருந்தது, உடையும் திரையும் வைக்க ஒரு அறை இருந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அந்த அரங்கத்தைச் சிங்காரச் சென்னை திட்டத்தில் 30 கோடிக்கும் மேல் செலவிட்டுப் புதுப்பிக்கும் வேலையை எடுத்தார்கள். பழங்கட்டடம் பிழைப்பது நல்லதே. அதன் அறைகளில் ஒன்றாவது, சுகுண விலாச சபை இருந்ததைப்போல, ஒரு கானாக் குழுவோ பறைக்குழுவோ இருக்கக் கிடைக்குமா? வாடகைப் பட்டியலைப் பார்த்தபிறகுதான் தெரியும் யாருக்காகப் புதுப்பித்தார்கள் என்று.

எங்கள் பகுதியின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புளியந்தோப்பு என்றதும் பத்திரிகைகளுக்கு ரவுடிதான் நினைவுக்கு வரும். நமக்கு 1921 நினைவுக்கு வரும். பக்கிங்ஹாம் கர்னாடிக் மில் வேலைநிறுத்தத்தின்போது மூண்ட கலவரத்தில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. எம்.சி. ராஜா நம் மக்களுக்காகப் பேசிய குரல் அன்றைய சென்னையில் எத்தனை பேருக்குக் கசந்தது என்பது தனி வரலாறு. அந்த மில் 1996-இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு அந்த வளாகத்துக்கு எத்தனை வேடம்! பாழடைந்த கட்டடம் வேண்டுமா, வில்லன் கூடாரம் வேண்டுமா, சண்டைக் காட்சி வேண்டுமா, எல்லாப் படப்பிடிப்பும் பின்னி மில்லில்தான். அப்புறம் அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழும்பின. சினிமாவுக்குக் கலைக்கூடமாக இருந்த இடம், சுற்றியிருக்கிற சேரியின் கலைஞர்களுக்கு ஒரு நாளும் கதவு திறக்கவில்லை. எங்கள் ஏரியாக்காரர்கள் பலர் அங்கே கூட்டத்தில் நின்று கைகாட்டிவிட்டு வந்திருக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கண்ணகி நகரையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். நகரத்தின் நடுவிலிருந்து பிடுங்கி எறியப்பட்டவர்களை 2000-லிருந்து அங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள். 2020 தொடக்கத்தில் அந்த அடுக்குமாடிச் சுவர்களில் மிகப்பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. வெளியூரிலிருந்து கலைஞர்கள் வந்தார்கள், படங்கள் இணையத்தில் பரவின, 'கலை மாவட்டம்' என்று பெயர் வைத்தார்கள். ஓவியங்கள் அழகானவைதான். குடியிருப்பவர்களில் பலருக்கு அவை பிடித்தும் இருக்கின்றன, இல்லை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. கலை சுவருக்கு வெளிப்புறம் வந்துவிட்டது. கார்களில் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குத் தெரியும் பக்கம் அது. சுவருக்கு உட்புறம் அங்கே வாழும் கானாப் பாடகருக்கும் நடனம் ஆடும் பையன்களுக்கும் எத்தனை சதுர அடி கிடைத்தது?

'அப்படியானால் பணம் எங்கே?' என்பார்கள். பணம் இருக்கிறது. 2024 மார்ச்சில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை 4,181 கோடி ரூபாய் என்று அறிவித்துத் தொடங்கினார்கள். குடிநீர், கழிவுநீர், பள்ளி, மருத்துவமனை, பேருந்து முனையம் எல்லாம் அதில் இருக்கின்றன. எல்லாம் நூறு வருடம் தாமதமாக வருகிறவை, வேண்டியவை. கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' என்று ஒன்றைத் திறந்தார்கள். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும் சின்ன நிறுவனம் தொடங்குகிற இளைஞர்களும் குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் இடம். அருமையான யோசனை என்று மனதாரச் சொல்கிறோம். அங்கே உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மேசையும் நாற்காலியும் இணைய வசதியும் அரசு கட்டிக்கொடுக்கலாம் என்றால், ஒலி வெளியே போகாத ஒரு கூடமும் இசைக்கருவி வைக்க ஒரு அறையும் பறையைக் காய்ச்ச ஒரு திறந்த முற்றமும் ஏன் கட்டிக்கொடுக்கக் கூடாது? கட்டுமான முறை ஒன்றுதான், செலவிலும் பெரிய வேறுபாடு இருக்காது.

அதற்கு மேல் உட்கூறுத் திட்டம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு. அந்த விகிதத்தில் நிதி ஒதுக்க வேண்டும் என்பது பல பத்தாண்டுக் கால விதி, 2024-இல் மாநிலத்தில் தனிச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் இந்த நிதிக்கு என்னென்ன நடக்கும் என்பது நமக்குப் பழக்கமான கதை. ஊருக்குப் பொதுவாகச் சாலை போட்டுவிட்டு அதில் ஒரு பங்கு 'ஆதிதிராவிடருக்கு' என்று ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். டெல்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காகப் பல நூறு கோடி உட்கூறு நிதியைத் திருப்பிவிட்டது நாடாளுமன்றத்திலேயே வெளிச்சத்துக்கு வந்தது. பந்தய மைதானம் கட்ட நம் பணம் செல்லுபடியாகும், பறைக்கூடம் கட்ட மட்டும் 'விதியில் இடமில்லை'. கலை பண்பாட்டுத் துறையும் அரசின் ஒரு துறைதானே. அதன் கட்டடச் செலவில் நம் பங்கு எந்தத் தெருவில், எந்தக் கதவு எண்ணில் நிற்கிறது என்று காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. காட்டினால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.

நம்முடைய தோழர்களிடமிருந்தே இரண்டு எதிர்ப்புகள் வருகின்றன. வெளியே இருப்பவர்களுக்குப் பதில் சொல்வதைவிட இவர்களுக்குச் சொல்வதுதான் கடினம், அவசியமும்கூட.

ஒன்று: 'மலக்குழிக்குள் இன்னும் நம்மாட்கள் சாகிறார்கள், பெய்த மழைக்கு வீட்டுக்குள் சாக்கடை வருகிறது, இந்த நேரத்தில் கலைக்கூடமா?' இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களோடு சேர்ந்துதான் நாமும் சாக்கடைக்காக மறியல் செய்கிறோம். ஆனால் மற்ற எவரிடமும் இப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை விடச் சொல்வதில்லை. மயிலாப்பூரில் சாக்கடையும் இருக்கிறது, சபாவும் இருக்கிறது. சேரிக்கு மட்டும் வயிறு மட்டும்தான், மற்றதெல்லாம் அப்புறம் என்பதும் ஒருவகை அளந்துபோடுதல்தான்.

இரண்டாவது இன்னும் ஆழமானது. எங்கள் குழுவில் பெயர் கொடுத்த ஒரு பையனின் தாத்தா ஒரு நாள் பயிற்சிக்கு வந்து நின்றார். ஊரில் அடிமை வேலையாகப் பறையடித்தவர், அதை உதறிவிட்டுத்தான் பட்டணம் வந்து மில்லில் சேர்ந்தவர். "நான் தூக்கிப் போட்டத நீ எதுக்குடா பொறுக்கிக்கினு வர?" என்று பேரனைக் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. பறையை மறுத்தவர்கள் நம் போராட்டத்தின் முன்னோடிகள். அவர்களுடைய கோபத்தை, 'ஆதித்தமிழர் கலை' என்ற நான்கு பெருமைச் சொற்களால் மூடிவிட முடியாது. எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து உண்டு. நாங்கள் கேட்கும் கூடத்துக்குப் பறைக்கூடம் என்று பெயர் வைக்க வேண்டும் என்றுகூட நாங்கள் சொல்லவில்லை. அங்கே கானா இருக்கலாம், நாடகம் இருக்கலாம், ராப் இருக்கலாம், பையன்கள் கீபோர்டு கற்கலாம், பெண்கள் படம் எடுக்கக் கற்கலாம். பறை வேண்டாம் என்று அந்தப் பெரியவர் பேசுவதற்கும் அங்கே ஒரு மேடை இருக்கட்டும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறிய இரவில் கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாகக் கேட்டோம். அந்தப் பாடகர்கள் பலர் எங்கே பழகினார்கள்? சாவு வீட்டிலும் தெருமுனையிலும். ஒரு இயக்குநரும் ஒரு இசைக்கலைஞரும் முன்கை எடுத்ததால் அந்த மேடை கிடைத்தது. அடுத்த தலைமுறையும் இப்படி யாராவது வந்து கண்டெடுக்கட்டும் என்று காத்திருக்க முடியுமா?

நம் பெரியவர்கள் காத்திருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார், சில ஆண்டுகளில் அதற்கு ஒரு அச்சகமும் ஏற்படுத்தினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். எழுதும் கை இருந்தால் போதாது, அச்சடிக்கும் இயந்திரமும் நம் கையில் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பண்டிதருக்குக் கிண்டியில் மணிமண்டபம் வந்தாயிற்று. நன்றி. அவர் சிலையைப் பார்க்கப் போகும் பிள்ளைகள் திரும்பி வந்து உட்கார ஒரு கூரையும் வேண்டும்.

கேட்பதைத் தெளிவாகவே கேட்கிறோம். புதிதாக ஒரு பிரம்மாண்டமான வளாகம் வேண்டாம். வளாகம் வந்தால் வாடகை வரும், வாடகை வந்தால் நாம் வெளியே. வாரியம் இடித்துக் கட்டும் ஒவ்வொரு குடியிருப்பிலும் தரைத்தளத்தில் ஒரு ஆயிரம் சதுர அடியைக் கலைக்கு என்று வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும். கட்டியபிறகு கேட்டால் கிடைக்காது. அந்த இடத்தை அந்தப் பகுதியின் குழுக்கள் சேர்ந்து அமைக்கும் கூட்டமைப்புக்கு முப்பது ஆண்டுக் குத்தகையாக, பெயரளவு வாடகைக்குப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். பதிவுப் பத்திரம் முக்கியம், வாய்வார்த்தை அடுத்த தேர்தல் வரைக்கும்தான். அந்தப் பத்திரம் கையில் இருந்தால் டெல்லியின் கட்டட மானியத்துக்கும் நாம் விண்ணப்பிக்கலாம், நாம் போட வேண்டிய 40 விழுக்காட்டை உட்கூறு நிதியிலிருந்து மாநில அரசு கட்டட்டும். கூட்டமைப்பில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். ஆண்கள் கையில் மட்டும் சாவி இருந்தால் ஆறு மாதத்தில் அது கேரம்போர்டு மன்றமாகிவிடும், இது எங்கள் சொந்த அனுபவம். வட்டச் செயலாளர் பெயர் பொறித்த கல்வெட்டு வேண்டுமானால் வெளிச்சுவரில் வைத்துக்கொள்ளட்டும். மின்கட்டணத்தை மட்டும் வணிகக் கணக்கில் போடாமல் இருந்தால் போதும், சின்ன அமைப்புகளைக் கொல்வது மாதா மாதம் வரும் அந்தச் சீட்டுதான்.

மனுவின் இரண்டாவது படியை இந்த வாரம் கொடுக்கப் போகிறோம், இந்த முறை கையெழுத்துகளோடு. எங்களோடு கானாக் குழுக்கள் இரண்டும், ஒரு நாடகக் குழுவும், ஒப்பாரிப் பாட்டுகளைச் சேகரிக்கும் பெண்கள் சிலரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாத்தாவிடமும் நீட்டினோம். வாங்கி முழுக்கப் படித்தார். "இதுல பறைன்னு எத்தினி வாட்டி எழுதிக்கீறீங்க?" என்றார். எண்ணிப் பார்த்தோம், ஏழு இடத்தில் இருந்தது. "ரெண்ட அடிச்சிட்டு, படிக்க ஒரு ரூம்புன்னு சேத்து எழுது. போடறேன்" என்றார். சேர்த்து எழுதியிருக்கிறோம்.